தொட்டிலைத் தொடும் விலைவாசி

1990 ஆகஸ்ட் 8, இரவு. பெரு நாட்டில் புதிய அரசு பதவிக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பிரதமர் பொறுப்போடு பொருளாதாரத் துறையையும் கவனித்துவந்த ஹுவான் கார்லோஸ் உர்தாதோ மில்லர் தொலைக்காட்சியில் தோன்றி, அன்றைய பெரு நாணயமான இன்டியில் ஒரு விலைப்பட்டியலை வாசித்தார். இன்று 1,20,000 இன்டிக்கு விற்கும் பால் டின் நாளை முதல் 3,30,000 இன்டி. 1,50,000 இன்டிக்குக் கிடைத்த ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை இனி 3,00,000. 9,000 இன்டி ரொட்டி 25,000. பேச்சை முடிக்கும்போது, கடவுள்தான் நமக்குத் துணை நிற்க வேண்டும் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே ராத்திரியில் பாலின் விலை மூன்று மடங்குக்கு நெருக்கமாகப் போய்விட்டது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைக் கேட்ட தாய்மார்கள் தலைநகர் லிமாவில் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்!

ஆனால், பெருவின் பச்சிளம் குழந்தைகளுக்கு ஆபத்து வந்தது அந்த இரவில் இல்லை. அது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1985-ல் அதிபரான ஆலன் கார்சியா, ஏற்றுமதி வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுக் கடனுக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தார். முதல் இரண்டு ஆண்டுகள் சம்பளமும் உயர்ந்தது, வியாபாரமும் நடந்தது. அன்னியச் செலாவணிக் கையிருப்பு கரைந்ததும் எல்லாம் சரிந்தது. 1988-ல் மட்டும் விலைவாசி 1,700 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 1990-ல் அது 7,000 சதவீதத்தைத் தாண்டியது. மூன்று ஆண்டுகளுக்குள் மக்களின் சராசரி வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது. அரசு 50 லட்சம் இன்டி நோட்டு வரை அச்சடித்தது. கடைசியில் 1991-ல், பத்து லட்சம் இன்டிக்கு ஒரு புதிய சோல் என்று நாணயத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

இதெல்லாம் பொருளாதாரப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. புத்தகத்துக்கு வர நாளான ஒரு கணக்கு உண்டு. கிறிஸ்டினா பாக்ஸன், நோர்பர்ட் ஷாடி என்ற இரண்டு ஆய்வாளர்கள், பெருவின் தாய்மார்களிடம் எடுத்த பிரசவ வரலாற்றுக் கணக்கெடுப்புகளை வைத்து 2005-ல் அதைப் போட்டுக் காட்டினார்கள். அந்த நெருக்கடிக் காலத்தில் பிறந்தவர்களில், ஆயிரத்துக்குச் சுமார் 25 குழந்தைகள் கூடுதலாக, தங்கள் முதல் பிறந்தநாளைக் காணாமலே போய்விட்டார்கள். நெருக்கடி மட்டும் வராதிருந்தால் உயிரோடு இருந்திருக்கக்கூடிய குழந்தைகள் ஏறக்குறைய 17,000 பேர்.

பெருவில் அந்த ஆண்டுகளில் ‘ஒளிரும் பாதை’ இயக்கத்துக்கும் ராணுவத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1991-ல் காலரா வந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. இரண்டும் உலகச் செய்தியாயின. 17,000 குழந்தைகள் மட்டும் ஒருவர்பின் ஒருவராக, வீட்டுக்கு ஒன்றாக, சத்தமில்லாமல் போனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அது அந்தக் குடும்பத்தின் தலைவிதி என்றே நினைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருப்பது தெரிந்தது.

ஒரு சதவீதத்துக்கு எத்தனை உயிர்?

ஆயிரம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால், ஒரு வயது முடிவதற்குள் இறப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் சிசு மரண விகிதம். ஒரு நாட்டின் நிலைமையை ஒற்றை எண்ணில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். குடிநீர், தாயின் உடம்பு, வீட்டின் வருமானம், ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரம், பெண் பிள்ளைக்கு அந்த வீட்டில் உள்ள மதிப்பு என எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

பெருவில் நடந்தது பெருவோடு போகவில்லை. சாரா பெயர்ட், ஜெட் ஃப்ரீட்மன், நோர்பர்ட் ஷாடி மூவரும் 59 வளரும் நாடுகளில் நடந்த 17 லட்சம் பிறப்புகளை எடுத்துக்கொண்டு, அந்தந்த ஆண்டின் வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தனிநபர் வருமானம் ஒரு சதவீதம் குறைந்தால், ஆயிரம் பிறப்புக்கு 0.24 முதல் 0.40 வரை சிசு மரணம் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. பார்க்கச் சின்ன எண்தான். ஆண்டுக்கு 20 லட்சம் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் போட்டுப் பாருங்கள். வருமானத்தில் விழும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 480 முதல் 800 குழந்தைகள். நிதியமைச்சர்கள் ‘வளர்ச்சி விகிதம் ஒரு புள்ளி குறைந்திருக்கிறது’ என்று சொல்லும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்க வீட்டுக்கடன் சந்தையில் தொடங்கி 2008-ல் உலகை உலுக்கிய நெருக்கடியை எடுத்துக்கொள்வோம். அதன் விளைவாக 2009-ம் ஆண்டில் மட்டும் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 30,000 முதல் 50,000 வரை கூடுதல் சிசு மரணங்கள் நேரக்கூடும் என்று ஃப்ரீட்மனும் ஷாடியும் மதிப்பிட்டார்கள். நியூயார்க் வங்கி ஒன்று திவாலானதற்கும் மாலியில் ஒரு தொட்டில் காலியாவதற்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் நம்ப மறுப்போம். தொடர்பு இருக்கிறது. அது எந்த வழியாக வருகிறது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வழி தெரிந்தால் அடைக்கலாம்.

ஒரு பகல் பொழுது

ஏழு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியும்போது தொடங்கியது. பத்து மணிக்குள் ஐந்தாறு முறை தண்ணீராகப் போய்விட்டது. அழுகிறது, ஆனால் கண்ணில் நீர் வருவது நின்றுவிட்டது. உச்சிக்குழி உள்ளே இறங்கியிருக்கிறது. வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளிவிட்டால், சட்டென்று சமமாகாமல் மடிப்பு அப்படியே நிற்கிறது. இடுப்பில் கட்டிய துணி காலையிலிருந்து சிறுநீரில் நனையவில்லை. மத்தியானத்துக்கு மேல் அழுகையும் நின்றுவிடுகிறது. ‘பிள்ளை தூங்குகிறது’ என்று வீட்டில் நினைக்கிறார்கள். அதுதான் மிக ஆபத்தான நேரம்.

இதற்கு மருந்து என்ன? உப்பு சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரு பாக்கெட் ஓஆர்எஸ். 1971-ல் வங்கதேசப் போரின்போது, பாங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய டிரம்களில் கலக்கிவைத்து, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்து ஊட்டச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை உலகம் முழுவதும் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றிய மருந்து அது. விலை சில ரூபாய்.

சில ரூபாய் மருந்து இருக்கும்போது குழந்தை ஏன் சாகிறது?

அந்தக் கரைசலை ஒரே மூச்சில் புகட்டிவிட முடியாது. ஒரு ஸ்பூன் கொடுத்து, இறங்கியதா என்று பார்த்து, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஒரு ஸ்பூன். இடையிடையே தாய்ப்பால். ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ, ஒரு ஆள் குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தூரத்தில் இருந்தால் ஒருவர் போய் எடுத்துவர வேண்டும். அதைக் காய்ச்ச விறகு வேண்டும். கரைசல் போதாமல் குழந்தை துவண்டுவிட்டால் தூக்கிக்கொண்டு ஓட ஆள் வேண்டும், ஓடிப்போய்ச் சேரும் இடத்தில் ஒரு நர்ஸ் இருக்க வேண்டும்.

ஆக, சில ரூபாய் மருந்துக்குப் பின்னால் ஒரு தாயின் முழுநாள் இருக்கிறது. அந்த நாளை அவள் எடுத்துக்கொள்ள முடியுமா என்பதில்தான் பொருளாதாரம் வந்து உட்காருகிறது. வீட்டில் நல்ல காலம் என்றால், ‘இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை’ என்று சொல்லிவிடலாம். புருஷனுக்கு வேலை போய், கடன்காரன் வாசலில் நின்றால், அவள் போயே ஆக வேண்டும். எட்டு வயது அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்வாள்.

இந்தியாவில் 15 மாநிலங்களின் கிராமப்புறப் பிறப்புகளை ஆராய்ந்த பொருளியலாளர் சோனியா பலோத்ரா கண்டதும் இதுதான். மாநிலத்தின் வருமானம் சரியும் ஆண்டுகளில் கிராமத்தில் சிசு மரணம் கூடுகிறது. அதே ஆண்டுகளில், வேறு வழியில்லாமல் வேலைக்குப் போகும் தாய்மார்களும் கூடுகிறார்கள். கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் குறைகிறார்கள். வயலில் களை பறித்துக்கொண்டிருப்பவள் எப்படிச் செக்கப்புக்குப் போவாள்?

காபி விலை ஏறினால் நல்லதுதானே?

இங்கே ஒரு புதிர் வருகிறது. எனக்கு இந்த விஷயத்தில் கண் திறந்தது இந்த இடத்தில்தான்.

கொலம்பியாவின் மலைச்சரிவுகளில் காபி விளைகிறது. பெரிய எஸ்டேட்டுகள் குறைவு. குடும்பமே பயிரிட்டுக் குடும்பமே பறிக்கும் சின்னத் தோட்டங்கள்தான் அதிகம். 1975 ஜூலையில் பக்கத்து நாடான பிரேசிலில் கடும் உறைபனி விழுந்து, பரானா மாநிலத்தின் காபிச் செடிகள் கருகின. உலகச் சந்தையில் காபி விலை எகிறியது. கொலம்பிய விவசாயிக்கு அது பொற்காலம். பிறகு 1989-ல் சர்வதேசக் காபி ஒப்பந்தம் முறிந்தது. விலை அதலபாதாளத்துக்குப் போனது. நாம் இதுவரை பார்த்த கணக்குப்படி, விலை ஏறிய காலத்தில் குழந்தைகள் பிழைத்திருக்க வேண்டும். விழுந்த காலத்தில் இறந்திருக்க வேண்டும்.

கிராண்ட் மில்லர், பியேதாத் உர்தினோலா இருவரும் ஆராய்ந்தபோது தலைகீழாக இருந்தது. காபி வட்டாரங்களில் விலை சரிந்த ஆண்டுகளில்தான் அதிகக் குழந்தைகள் பிழைத்தார்கள்.

யோசித்தால் விளங்கும். விலை உச்சத்தில் இருக்கும்போது பறிக்காமல் விடும் ஒவ்வொரு பழமும் நஷ்டம். அம்மா விடிந்தால் கூடையோடு தோட்டத்தில். தாய்ப்பால் குறைகிறது, தூரத்து ஓடையிலிருந்து நல்ல தண்ணீர் எடுத்துவர நேரமில்லை, இலவசமாகவே கிடைக்கும் தடுப்பூசிக்குக்கூட அரை நாள் நடக்க மனம் வருவதில்லை. விலை விழுந்ததும் வீட்டில் காசு குறைகிறது, ஆனால் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

அப்படியென்றால் ஏழ்மை நல்லது என்று யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெருவில் காசும் போனது. அதோடு அரசு மருத்துவமும் போனது. அந்தச் சரிவில் அரசின் மருத்துவச் செலவு பாதிக்கும் கீழே விழுந்தது. மருந்து இல்லாத, ஊழியர் இல்லாத நிலையத்துக்கு யாரும் போகவில்லை. தனியாரிடம் போகப் பணமில்லை. கொலம்பியாவில் குடும்பத்தின் வருமானம் ஏறி இறங்கினாலும், நாட்டின் பொதுச் சுகாதாரம் அதோடு சேர்ந்து நொறுங்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குக் கிடைத்த விடை இது: கைக்குழந்தைக்கு எமனாக வருவது இரண்டு இழப்புகள். ஒன்று, தாயின் நேரம். மற்றொன்று, தாய் ஓடிப்போய்ச் சேரும் இடம்.

பேர் விழாத நாள்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு நாள் வேலை முழுதாகக் கணக்கில் ஏறினால் ஒரு பேர். கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர். மாதக் கடைசியில் எத்தனை பேர் விழுந்திருக்கிறதோ அதற்குத்தான் சம்பளம். பிரசவித்த பெண் வேலைக்குத் திரும்பியதும், விடியற்காலையில் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விடுவாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து, பால் கட்டிக்கொண்டு மார்பு கனக்கும் நேரத்தில் இறங்கிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மேலே ஏறுவாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரிசை வீடான லயத்திலேயே இருந்துவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை.

1973-லும் 1974-லும் உலகச் சந்தையில் எண்ணெயும் கோதுமையும் அரிசியும் விலை ஏறின. இலங்கை அரசிடம் இறக்குமதிக்குக் காசில்லை. ரேஷன் அரிசி குறைக்கப்பட்டது. மாவு கிடைப்பது அரிதானது. கிராமத்தில் இருந்தவர்களுக்குக் கொல்லையில் ஒரு பலா மரம், நாலு மரவள்ளிச் செடி, ஒரு முருங்கை இருந்தது. தோட்டத் தமிழர்களுக்கு என்ன இருந்தது? அவர்கள் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். காலடி மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். 1948-லேயே பெரும்பாலோரின் குடியுரிமை பறிபோயிருந்தது. கடையில் வாங்கினால்தான் சோறு. அந்த நேரம் பார்த்து வேலை நாட்களும் குறைந்தன. பட்டினியில் மக்கள் நகரங்களுக்குப் பிச்சையெடுக்க இறங்கினார்கள்.

அந்தப் பஞ்சத்தில் தோட்டப்புறச் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது. நாட்டின் சராசரியைவிட அது இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே தீவு, ஒரே அரசு, ஒரே விலைவாசி. ஆனால் கையளவு மண் இருந்தவன் வீட்டுக் குழந்தைக்கு ஒரு கதி, மண்ணும் வாக்கும் இல்லாதவன் வீட்டுக் குழந்தைக்கு ஒரு கதி. இன்று இலங்கையின் சிசு மரண விகிதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. தோட்டங்களும் அந்த நிலையிலிருந்து நெடுந்தூரம் வந்துவிட்டன. என்றாலும், 2022-ல் அங்கே பொருளாதாரம் மறுபடி சரிந்து, மருந்துக்கும் குழந்தைகளுக்கான திரிபோஷா சத்துமாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, பழைய பஞ்சம் தெரிந்த மலையகத்துப் பாட்டிகளின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதை நம்மால் ஊகிக்க முடியும்.

பெண் பிள்ளையின் பங்கு

எல்லாக் குழந்தையும் ஒன்றுபோல் பாதிக்கப்படுவதில்லை. 59 நாடுகளின் ஆய்விலும் சரி, பலோத்ராவின் இந்திய ஆய்விலும் சரி, வருமானம் விழும்போது கூடுதலாகச் சாவது பெண் குழந்தைகள். பிறந்த முதல் ஆண்டில், இயற்கையாகவே பெண் சிசு ஆண் சிசுவைவிடத் திடமானது. அந்த இயற்கைச் சலுகையையும் மீறி அவள் போகிறாள் என்றால், இடையில் யாரோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். இருக்கும் காசில் ஒரு குழந்தையைத்தான் டவுன் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக முடியும் என்னும்போது எந்தக் குழந்தை என்ற முடிவு அது.

இந்திய கிராமங்களை ஆராய்ந்த இலைனா ரோஸ் 1999-ல் எழுதியது என்னை நெடுநாள் தூங்கவிடவில்லை. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் பெண் குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு, ஆண் குழந்தைகளோடு ஒப்பிட, கூடுகிறது. அதாவது ஒரு பெண் சிசுவின் ஆயுள் அந்த ஆண்டு மேகத்தைப் பொறுத்து இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்கொலை நடப்பது 1980-களில் வெளியே தெரிந்து நாடு அதிர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கள்ளிப்பாலும் நெல்மணியும் கண்ணுக்குத் தெரிந்த கொலைகள். ‘பார்ப்போம், நாளைக்கு விட்டுவிடும்’ என்று தள்ளிப்போட்ட காய்ச்சல்களில் போன பெண் குழந்தைகளுக்கு எந்தப் பதிவும் இல்லை.

வறட்சியில் ஒரு விதை

இனி நான் சொல்லப்போவது, பெருவில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே கண்டத்தில் நடந்தது.

பிரேசிலின் வடகிழக்கு மூலையில் செயாரா என்ற மாநிலம். வறண்ட பூமி. அந்தப் பகுதியில் இறந்த கைக்குழந்தையைக் ‘குட்டித் தேவதை’ என்ற பெயரால்தான் அழைப்பார்கள். அவ்வளவு சாவு அங்கே பழகிப்போயிருந்தது. 1987-ல் மழை பொய்த்தது. வறட்சி வந்தால் அரசு நிவாரண வேலை கொடுக்கும். குளம் வெட்டுவது, ரோடு போடுவது, பெரும்பாலும் ஆண்களுக்கு. அந்த ஆண்டு புதிதாக ஆளுநராகியிருந்த தாசோ ஜெரைசாத்தியின் அரசு, நிவாரண நிதியில் ஒரு பங்கை எடுத்து, சுமார் 6,000 பேரை, பெரும்பாலும் ஏழைப் பெண்களை, சுகாதாரப் பணியாளர்களாக நியமித்தது. சில மாதப் பயிற்சி. அடிமட்டச் சம்பளம். வேலை என்னவென்றால், தங்கள் ஊரிலேயே வீடு வீடாகப் போய் வருவது.

போனவர்களை முதலில் பலர் உள்ளே விடவில்லை. பல இடங்களில் அவர்கள் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, அடுப்பில் வைத்ததைக் கிளறிவிட்டு, வீட்டைப் பெருக்கிவிட்டு, அப்புறம்தான் தடுப்பூசி பற்றிப் பேச்செடுத்தார்கள். தாயின் நேரத்தைக் கேட்பதற்கு முன் தங்கள் நேரத்தைக் கொடுத்தார்கள். கரைசல் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்குத் தேதி பார்த்து அனுப்பினார்கள். குழந்தையின் எடையை மாதம் தவறாமல் குறித்தார்கள். நியமனத்திலும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வேலைக்கு மனுப்போட்டுக் கிடைக்காதவர்களிடம், ‘கிடைத்தவர் ஒழுங்காக வருகிறாரா என்று நீங்கள் கவனியுங்கள், வராவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். ஊரே மேற்பார்வை பார்த்தது. ஒரு நர்ஸைக்கூட வைத்திராத ஊராட்சிகளிடம், மேற்பார்வைக்கு ஒரு நர்ஸை நியமித்தால்தான் இந்தப் பணியாளர்கள் வருவார்கள் என்று நிபந்தனை போட்டார்கள்.

ஜூடித் டெண்ட்லர் என்ற ஆய்வாளர் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சில ஆண்டுகளில் செயாராவின் சிசு மரண விகிதம் 102-லிருந்து 65-க்கு இறங்கியது. 25 சதவீதமாக இருந்த தடுப்பூசி 90 சதவீதத்தைத் தொட்டது. 1993-ல் யுனிசெஃப் அந்த மாநிலத்துக்கு விருது கொடுத்தது. அடுத்த ஆண்டு பிரேசில் அரசு நாடு முழுமைக்கும் குடும்பச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியபோது செயாராவின் அனுபவம் அதற்கு முன்மாதிரியாக இருந்தது. பின்னாளில் வந்த ‘போல்சா ஃபமிலியா’ உதவித்தொகை, நன்றாகச் சென்று சேர்ந்த ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவை 17 சதவீதம் குறைத்தது. ஊட்டமின்மையால் வந்த சாவு மட்டும் 65 சதவீதம் குறைந்தது.

செயாரா அப்போது பணக்கார மாநிலம் ஆகிவிடவில்லை. வறட்சியும் போய்விடவில்லை. காசு குறைந்த நேரத்தில் எதைக் குறைக்கக் கூடாது என்பதை அந்த அரசு தெரிந்துவைத்திருந்தது.

நம் வாசலில்

தமிழ்நாட்டுக்கும் இதில் சொல்ல ஒரு கதை இருக்கிறது, பெருமைப்படத்தக்க கதை. 1971-ல் இங்கே ஆயிரத்துக்கு 113 குழந்தைகள் முதல் ஆண்டிலேயே இறந்தார்கள். 2020-ல் அந்த எண் 13. அதே 2020-ல், வருமானத்தில் நமக்குக் குறையாத ஹரியானாவின் எண் 28. காசு மட்டும்தான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

காரணம் கேட்டால் பெரிய பெரிய பெயர்களைச் சொல்வோம். நான் ஒரு தோள்பையைச் சொல்வேன். ஊருக்குள் தோளில் பையோடு வரும் கிராம சுகாதார செவிலியரை ‘நர்ஸம்மா’ என்றுதான் கூப்பிடுவோம். யார் வீட்டில் நாள் தள்ளியிருக்கிறது, யாருக்கு ரத்தம் குறைவு, எந்தக் குழந்தை இந்த மாதம் எடை ஏறவில்லை என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். புதன்கிழமை தடுப்பூசிக்கு வராத தாயைத் தேடி வியாழக்கிழமை அவர் வந்து நிற்பார். ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ் இருப்பார். மருந்து வாங்கவென்றே 1990-களில் ஒரு மருத்துவப் பணிகள் கழகம் அமைத்ததால் மாத்திரை இருக்கும். தாய் ஓடிப்போய்ச் சேரும் இடம் என்று முன்னே சொன்னேனே, அது இதுதான்.

தாயின் நேரத்துக்கும் இங்கே ஒரு விலை கொடுத்திருக்கிறோம். 1987-ல் தொடங்கிய திட்டம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் நடக்கும் மகப்பேறு உதவி. கர்ப்ப காலத்தில் வேலைக்குப் போகாததால் இழக்கும் கூலியை ஈடுகட்டுவது அதன் நோக்கங்களில் ஒன்று. 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று உயர்ந்தது. அதை ‘இலவசம்’ என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது பேர் விழாத நாட்களுக்கான கூலி. குறையும் உண்டு. தவணை தாமதமாகிறது, ஆவணம் கேட்டு அலைக்கழிக்கிறார்கள் என்ற புலம்பலைக் கேட்காத ஊர் இல்லை. கர்ப்பத்தில் கொடுக்க வேண்டிய பணம், பிள்ளை தவழும்போது வந்தால் அந்த நோக்கம் நிறைவேறாது. இதை அரசு சரிசெய்தே ஆக வேண்டும்.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன்? உலகில் 2023-ம் ஆண்டில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 48 லட்சம். அவர்களில் 23 லட்சம் பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள். 1990-ல் இருந்ததில் பாதிக்கும் கீழே இது. முப்பது ஆண்டுகளில் மனித குலம் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. அந்தக் காரியம் இப்போது தடுமாறுகிறது. மருத்துவத்துக்கோ கல்விக்கோ செலவழிப்பதைவிடக் கடன் வட்டிக்கு அதிகம் கட்டும் நாடுகளில் இன்று 300 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள் என்று ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு கணக்குச் சொல்கிறது. 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் தாய் சேய் நல நிலையங்கள் அந்தப் பணத்தை நம்பி நடந்தவை. பெருவின் அரசு 1988-ல் நின்ற இடத்தில் இன்று எத்தனையோ அரசுகள் நிற்கின்றன. எதை வெட்டலாம் என்று பார்க்கும்போது, குரல் எழுப்ப முடியாதவர்களின் செலவுதான் முதலில் கண்ணில் படுகிறது. கைக்குழந்தைக்கு ஓட்டு இல்லை.

மாலியின் பட்ஜெட்டையோ பெருவின் பட்ஜெட்டையோ நம்மால் மாற்ற முடியாது. நம் ஊரில் ஒன்று செய்ய முடியும். அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போங்கள். நம் துணை சுகாதார நிலையத்துக்கு நர்ஸம்மா இருக்கிறாரா, அந்த இடம் காலியாகக் கிடக்கிறதா, காலி என்றால் எத்தனை மாதமாக என்று எழுந்து நின்று கேளுங்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.